நீஸ்: கடலுக்கு முதுகைக் காட்டிச் சாப்பிட வேண்டிய ஊர்

தெற்குப் பிரான்சில் இரண்டு மூன்று நாள் சுற்றிவர நினைப்பவர்களுக்கு நீஸ் வசதியான ஊர். விமான நிலையம் கடலை ஒட்டியே இருக்கிறது. அங்கே டிராம் ஏறினால் நேராக ஊருக்குள் இறங்கலாம். பெட்டியை ஓட்டலில் போட்டுவிட்டு எல்லோரும் முதலில் போவது கடற்கரைக்கு. நீலக் கடல், பனைமரங்கள், வெள்ளை ஓட்டல்கள் என்று படத்தில் பார்த்ததெல்லாம் அப்படியே இருக்கும். பசி எடுத்ததும் கடல் தெரிகிற மேசையாகப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கணிசமான பில் வரும். சாப்பாடு சுமாராக இருக்கும். ‘பிரெஞ்சுச் சாப்பாடு என்றார்களே, இவ்வளவுதானா?’ என்று தோன்றும்.

இது ஒரு கடையின் குற்றம் இல்லை, அந்த ஊர் வளர்ந்த விதம் அப்படி. நீஸில் கண்ணுக்கு விருந்தாக இருப்பவற்றில் பெரும்பகுதி, குளிர்காலத்தைக் கழிக்க வந்த பணக்கார வெளிநாட்டுக்காரர்களுக்காகக் கட்டப்பட்டது. நாக்குக்கு விருந்தாக இருப்பது அந்த விருந்தாளிகளுக்குத் துணி துவைத்து, தோணி ஓட்டி, மலைச்சரிவில் ஆலிவ் பறித்துப் பிழைத்த உள்ளூர்க்காரர்களின் சமையல். இரண்டும் ஒரே ஊரில், நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. ஆனால் ஒரே தெருவில் அவை கிடைப்பது அபூர்வம்.

முதலில் ஒரு விஷயம்: நீஸ் பிரான்சோடு நிலையாகச் சேர்ந்து இன்னும் இருநூறு ஆண்டுகூட ஆகவில்லை. கிரேக்கர்கள், அதாவது இன்றைய மார்சேயில் குடியேறியிருந்த கிரேக்கர்கள், கி.மு. 4ஆம் நூற்றாண்டில் இங்கே ஒரு வணிகத்துறை அமைத்தார்கள். பிறகு ரோமானியர்கள் சிமியே குன்றின் மேல் தனியாக ஓர் ஊர் கட்டினார்கள். அதன் அரங்கமும் குளியல் கூடங்களும் இன்றும் இடிபாடுகளாக நிற்கின்றன. 1388இல் நீஸ் சவோய் வம்சத்தின் கைக்குப் போனது. பிரான்ஸ் இடையிடையே பிடித்துக்கொண்டது உண்டு. 1706இல் 14ஆம் லூயியின் ஆணைப்படி குன்றின் மேலிருந்த கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். அதனால்தான் ‘கோட்டைக் குன்று’ என்று எல்லா வரைபடத்திலும் போட்டிருக்கிறது, மேலே ஏறிப் பார்த்தால் கோட்டை இருக்காது. பூங்காவும் ஓர் அருவியும் நல்ல காற்றும் இருக்கும். ஊரின் மிகச் சிறந்த காட்சி அங்கிருந்துதான். ஏற முடியாதவர்களுக்கு லிஃப்ட் உண்டு.

1860இல் கதை மாறியது. ஆஸ்திரியாவை எதிர்த்து, சவோய் வம்சம் ஆண்ட சார்டீனிய அரசுக்குப் படை கொடுத்து உதவிய பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன், அதற்குக் கூலியாகச் சவோயையும் நீஸையும் கேட்டு வாங்கிக்கொண்டார். மார்ச்சில் டூரின் ஒப்பந்தம், ஏப்ரலில் பொது வாக்கெடுப்பு. எதிர் ஓட்டு விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் விழுந்தது, வாக்கெடுப்பு நேர்மையாக நடந்ததா என்ற சச்சரவு அப்போதே எழுந்தது. கடைசிவரை கொதித்தவர் இத்தாலிய ஒருங்கிணைப்பின் நாயகன் கரிபால்டி. 1807இல் அவர் பிறந்தது இதே நீஸில். இத்தாலி என்ற நாட்டை உருவாக்கப் போராடியவரின் சொந்த ஊர், அந்த நாடு உருவாவதற்கு ஓராண்டு முன்பு கைமாறிப் போனது. இன்று அவர் பெயரில் ஒரு சதுக்கமும் சிலையும் இருக்கின்றன. மஞ்சள் பூசிய வளைவு மண்டபங்களோடு, பார்க்க இத்தாலியின் டூரின் நகரம் மாதிரியே இருக்கும்.

பழைய நகரத்துக்குள் நுழைந்தால் இது கண்கூடு. காவி, மஞ்சள் சுவர்கள், பச்சை மரச் சாளரங்கள், பரோக் பாணித் தேவாலயங்கள், பிரெஞ்சிலும் உள்ளூர் நிஸ்ஸார் மொழியிலும் எழுதிய தெருப்பலகைகள். ஒரு பக்கம் குன்று, ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பையோன் ஆறு என்று மூன்று பக்கமும் அடைத்திருந்ததால், ஊர் பக்கவாட்டில் பரவ வழியில்லாமல் மேல்நோக்கி வளர்ந்தது. ஒரு சந்தில் நின்று கையை விரித்தால் இரண்டு சுவரும் எட்டிவிடுமோ என்று தோன்றும். வெயில் தரைக்கு இறங்குவதே இல்லை. ஜூலையில் அதன் அருமை தெரியும்.

சாப்பாட்டுக்கு வருவோம். நீஸின் சமையலைப் புரிந்துகொள்ள அதன் நிலத்தைப் பார்த்தால் போதும். ஆல்ப்ஸ் மலையின் கடைசிச் சரிவுகள் நேராகக் கடலில் இறங்குகின்றன. நெல்லோ கோதுமையோ விளைய அகலமான சமவெளி இல்லை. மாடு மேய்க்கப் புல்வெளி குறைவு, ஆகவே வெண்ணெயும் குறைவு. கல்லை அடுக்கிப் படிப்படியாகக் கட்டிய மேட்டு நிலங்களில் ஆலிவ் வளர்ந்தது, தோட்டத்தில் கீரையும் வெங்காயமும் சுக்கினியும். கடல் எதிரில் இருக்கிறதே என்றால், கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே அது கிடுகிடுவென ஆழமாகிவிடுகிறது. ஆழம் குறைந்த மீன்பிடித் தளம் இல்லாததால் பெரிய மீன் எளிதில் சிக்குவதில்லை. கிடைத்தது நெத்தலியும் மத்தியும். உப்பில் ஊறவைத்த நெத்தலிதான் நீஸ் சமையலுக்கு உயிர்.

அதனால் கடலோரமாக இருந்தும் இந்த ஊரின் பேர்போன மீன் உணவு ஒன்று கருவாட்டில் செய்வது! நார்வேயிலிருந்து கப்பல் வழியாக வந்த காய்ந்த காட் மீனை நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து, தக்காளி, உருளைக்கிழங்கு, குடைமிளகாய், ஆலிவ் எல்லாம் போட்டு நீண்ட நேரம் வேகவிடுவார்கள். எஸ்டோகாஃபிகாதா என்று பெயர். நாற்றம் முன்னால் வரும், ருசி பின்னால் வரும். கருவாட்டுக் குழம்பு பழகிய வீட்டிலிருந்து போகிறவர்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இராது. பாரிஸ்காரர்கள்தான் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

நம்மவர்கள் முதலில் தேடிப் போக வேண்டியது சொக்கா. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, இவ்வளவுதான். மாவை நீர்க்கக் கரைத்து ஊறவிடுகிறார்கள். ஈயம் பூசிய பெரிய வட்டச் செம்புத் தட்டில் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, கரைத்த மாவை மெல்லிதாகப் பரப்பி, விறகு எரிகிற அடுப்புக்குள் தள்ளுவார்கள். அனல் மேலிருந்தும் கீழிருந்தும் தாக்கும். சில நிமிடங்களில் மேலே கொப்புளம் கொப்புளமாகக் கருகும், அடிப்பக்கம் மொறுமொறுப்பாகும், நடுவில் மட்டும் பசை போல மென்மையாக நிற்கும். வெளியே இழுத்ததும் ஒரு தட்டைக் கரண்டியால் ஒழுங்கில்லாமல் சுரண்டிச் சுரண்டி எடுத்து, காகிதத் தட்டில் குவித்து, மேலே மிளகுத்தூளைத் தூவிக் கொடுத்துவிடுவார்கள். கையால்தான் சாப்பிட வேண்டும். பத்து நிமிடம் தாமதித்தால் அட்டை போல ஆகிவிடும், அதனால் தட்டு இறங்குகிற நேரம் பார்த்து வரிசையில் நிற்பது முக்கியம். முறுகலான கடலை மாவுத் தோசையின் ஓரத்தை மட்டும் பிய்த்துத் தின்றது போல இருக்கும் என்று சொன்னால் நீஸ்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம், ஆனால் உண்மை அதுதான். முட்டை, பால், மீன் எதுவும் கிடையாது. சுத்த சைவம்.

இத்தாலியக் கரையில் ஜெனோவாவில் இதே பண்டம் ஃபாரினாத்தா என்ற பெயரில் விற்கிறது. எல்லைக்கோடு பின்னால் வந்தது, அடுப்பு முன்னாலேயே இருந்தது. துறைமுகம் பக்கம் 1923 முதல் இருக்கிற ‘ஷே பிப்போ’ இதற்குப் பேர்போன இடம். கூர் சலேயா சந்தையில் ‘ஷே தெரேசா’ கடைக்காரர்கள் பழைய நகரத்து அடுப்பில் சுட்டு, வண்டியில் வைத்துச் சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள்.

அப்புறம் பிஸ்ஸலாடியேர். பார்ப்பதற்குப் பீட்சா போல இருக்கும், தக்காளியோ சீஸோ இருக்காது. குவியல் வெங்காயத்தை எண்ணெயில் மணிக்கணக்கில், சிவக்காமல் குழைய வதக்கி, ரொட்டி மாவின் மேல் பரப்பி, நெத்தலியும் சிறிய கறுப்பு ஆலிவும் வைத்துச் சுட்டது. சைவர்கள் இதில் ஏமாறுவது வழக்கம். மேலே இருக்கும் நெத்தலியைக் கையால் எடுத்துப் போட்டுவிட்டாலும், அடியில் நெத்தலி விழுது தடவியிருக்க வாய்ப்புண்டு.

உலகம் முழுக்க நீஸின் பெயரைக் கொண்டுபோனது ஒரு சாலட். அதை வைத்து இந்த ஊரில் நடக்கும் சண்டை தனி. பழைய முறைப்படி தக்காளி, வெங்காயத் தாள், குடைமிளகாய், முள்ளங்கி, காலத்துக்கு ஏற்ப பச்சை மொச்சையோ பிஞ்சு ஆர்டிசோக்கோ, துளசி இனத்து இலை, ஆலிவ், நெத்தலி, அவித்த முட்டை, ஆலிவ் எண்ணெய். காய்கள் எல்லாம் வேகவைக்காமல் பச்சையாகவே. அவித்த உருளைக்கிழங்கும் பீன்ஸும் இதில் சேரவே கூடாது என்பது ஒரு கட்சி. அந்தக் கட்சியின் தலைவர் என்றால் ஷாக் மெத்சான்தான். 1966 முதல் 1990 வரை மேயராக இருந்தவர், நீஸ் சமையல் பற்றி ஒரு நூலே எழுதியவர். வேகவைத்த காய் எதையும் இந்தச் சாலட்டில் போடாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். சாலட் விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பானவர், ஊழல் வழக்குகள் நெருக்கியபோது உருகுவேக்கு ஓடிப்போனார் என்பது வேறு கதை. அவருக்கு முன் அதே நாற்காலியில் பல ஆண்டுகள் இருந்த அவருடைய அப்பா ஷான் மெத்சான் பெயரில்தான் இன்றைய பெரிய கடைவீதி இருக்கிறது.

எதிர்க்கட்சியும் லேசுப்பட்டது இல்லை. உருளைக்கிழங்கையும் பீன்ஸையும் சேர்த்ததற்குப் பொதுவாகக் கைகாட்டப்படுபவர் எஸ்கோஃபியே, நவீன ஓட்டல் சமையலுக்கு இலக்கணம் வகுத்தவர். அவர் பாரிஸ்காரர் இல்லை. நீஸுக்குப் பக்கத்திலேயே வில்நவ்-லூபே ஊரில் 1846இல் பிறந்தவர். ஏழை வீட்டுக் கிண்ணத்தில் இருந்ததை ஓட்டல் மேசைக்கு ஏற்றபடி நிரவிக் கொடுத்தார் என்று சொல்லலாம். என்னைக் கேட்டால் வெயில் காலத்தில் பச்சைக் காய்க் கட்சிதான் சரி. அதே சாலட்டை உருண்டை ரொட்டிக்குள் அடைத்து, எண்ணெயில் ரொட்டி நன்றாக ஊறும்படி அமுக்கி விற்பது பான் பன்யா. வேலைக்குப் போகிறவர்கள் கட்டிக்கொண்டு போன சாப்பாடு. ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்குக் காணும், சட்டையில் எண்ணெய் வழியும்.

மிச்சம் மீதியை வீணாக்காத சமையல் இது. நேற்று மாட்டிறைச்சியை ஒயினில் நெடுநேரம் வேகவைத்த டோப் இருந்தால், இன்று அதையே கீரையோடு அரைத்து ராவியோலிக்குள் வைப்பார்கள். தக்காளி, கத்தரிக்காய், சுக்கினி எல்லாவற்றையும் குடைந்து உள்ளே பூரணம் வைத்துச் சுட்டால் பெத்தி ஃபார்ஸி. ப்ளெட் என்ற தடித்த தண்டுக்கீரையை இவர்கள் விடாத இடமே கிடையாது. உலர்திராட்சை, பைன் கொட்டை, சர்க்கரை சேர்த்து அதில் ஓர் இனிப்புப் பணியாரமே செய்கிறார்கள். கீரையில் இனிப்பா என்று தயங்குபவர்கள் ஒரு சின்னத் துண்டு வாங்கிப் பார்க்கலாம். இந்தக் கீரைப் பைத்தியத்தை வைத்து நீஸ்காரர்களுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, இங்கே எழுதுவதற்கில்லை.

சைவர்களுக்கு வழி இருக்கிறது, கொஞ்சம் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். சொக்கா, சுக்கினிப் பூ வடை, கடலை மாவைக் கட்டியாகக் கிளறி வெட்டிப் பொரித்த பனீஸ், பூண்டும் துளசி இன இலையும் அரைத்துப் போட்ட பிஸ்டு சூப் ஆகியவை கைகொடுக்கும். பெத்தி ஃபார்ஸியில் இறைச்சி உண்டு, ராவியோலியிலும் பெரும்பாலும் உண்டு.

சரி, விருந்தாளிகளின் ஊருக்குப் போவோம். 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்தே ஆங்கிலேயர்கள் குளிர்காலத்தைக் கழிக்க நீஸுக்கு வரத் தொடங்கினார்கள். காச நோயாளிகளுக்கு இந்தக் காற்றை மருத்துவர்களே எழுதிக் கொடுத்தார்கள். 1820களின் தொடக்கத்தில் ஒரு கடும் குளிரில் ஆரஞ்சு மரங்கள் கருகிப் போயின, பிழைப்பு இழந்தவர்கள் பிச்சைக்கு வந்தார்கள். லூயிஸ் வே என்ற பாதிரியார் ஆங்கிலேயர்களிடம் பணம் திரட்டி, அவர்களுக்கு வேலையாகக் கடலோரத்தில் ஒரு நடைபாதை போடச் செய்தார். இன்று சுமார் 7 கிலோமீட்டர் நீளும் ‘ப்ரொமனாட் தெ ஸாங்க்லே’ என்ற ஆங்கிலேயர் நடைபாதை அப்படித் தொடங்கியது. பஞ்ச நிவாரண வேலைதான் ஊரின் அடையாளம் ஆனது.

1864இல் ரயில் வந்ததும் கூட்டம் பெருகியது. அதே ஆண்டு ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் வந்தார். அடுத்த ஆண்டு அவருடைய மூத்த மகன் நிக்கோலாய் இங்கேயே இறந்துபோனார். அந்த இடத்தை ஒட்டி எழுந்ததுதான் வெங்காயக் கூம்புகளோடு நிற்கும் ரஷ்யத் தேவாலயம், 1912இல் திறந்தார்கள். விக்டோரியா மகாராணி 1890களில் சிமியே குன்றில் வந்து தங்கினார். அவருக்காகவே என்று சொல்லும்படி அங்கே ரெஜினா ஓட்டல் எழுந்தது. இளஞ்சிவப்புக் குவிமாடம் வைத்த நெக்ரெஸ்கோ ஓட்டல் 1913இல் வந்தது, கட்டியவர் ருமேனியாவில் பிறந்த ஆன்ரி நெக்ரெஸ்கோ. அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் வந்து அது மருத்துவமனையானது.

இதில் கவனிக்க வேண்டியது, இவர்கள் யாரும் கோடையில் வரவில்லை. கோடையில் பெரிய ஓட்டல்கள் பூட்டிக் கிடந்தன. வெயிலில் காய்வதும் கடலில் குளிப்பதும் 1920களுக்குப் பிறகு வந்த வழக்கம். 1936இல் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை சட்டமானதும் சாதாரண பிரெஞ்சுக் குடும்பங்களும் வரத் தொடங்கின. ராணி தங்கிய ஓட்டல் கடலிலிருந்து தள்ளி, மேட்டில் இருப்பதன் காரணம் இதுதான்: குளிர்கால வெயிலும் காற்றும்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது, மணல் இல்லை. மணல் இங்கே கிடையவும் கிடையாது. கடற்கரை முழுக்க உருண்டைக் கூழாங்கல். ரப்பர் செருப்பு இல்லாமல் இறங்கினால் பாதம் பேசும். 2021இல் யுனெஸ்கோ நீஸை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் ‘ரிவியராவின் குளிர்காலத் தங்கல் நகரம்’ என்ற பெயரில்தான் (ரிவியரா என்பது இந்தக் கடலோரப் பகுதியின் பெயர்). நவம்பரிலோ பிப்ரவரியிலோ போனால், ஊர் எதற்காகக் கட்டப்பட்டதோ அதற்காகவே போனதாகிவிடும். அறை வாடகையும் கோடையைவிடக் குறைவு.

ப்ரொமனாடில் மாலை நடையைத் தவறவிட வேண்டாம். 2016 ஜூலை 14 இரவு இங்கே கூட்டத்தின் மேல் லாரியை ஏற்றி ஒருவன் 86 பேரைக் கொன்றான். அதற்குப் பிறகு சாலைக்கும் நடைபாதைக்கும் இடையே தடுப்புகள் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் ஊர்க்காரர்கள் நீல நாற்காலிகளில் கடலைப் பார்த்து உட்கார்ந்துதான் இருக்கிறார்கள்.

ஓவியம் பிடிக்குமென்றால் இரண்டு அருங்காட்சியகங்கள் போதும். ஓவியர் மத்தீஸ் 1917 கடைசியில் இங்கே வந்தார். கூர் சலேயாவின் கோடியில் இருக்கும் மஞ்சள் கட்டிடத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தார், பிறகு அதே ரெஜினா கட்டிடத்துக்கு மாறினார், 1954இல் இறந்து சிமியேயில் அடக்கமானார். அங்கே ஆலிவ் தோப்புக்கு நடுவே சிவப்பு மாளிகையில் அவருடைய அருங்காட்சியகம் இருக்கிறது. குன்றில் ஏறும் வழியிலேயே இன்னோர் ஓவியரான ஷகாலின் அருங்காட்சியகம். 1973இல் அவர் உயிரோடிருக்கும்போதே திறந்தது, விவிலியக் காட்சிகள் கொண்ட 17 பெரிய ஓவியங்களுக்காகவே கட்டியது. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ஷகாலுக்குப் போங்கள். இரண்டுமே செவ்வாய்க்கிழமை விடுமுறை. கூர் சலேயாவில் காய்கறி, பூச் சந்தை திங்களன்று கிடையாது, அன்றைக்குப் பழம்பொருள்தான். ஆகவே ஞாயிறு இரவு வந்து செவ்வாய் இரவு திரும்பும் திட்டம் போட்டால், திங்களன்றே இரண்டு அருங்காட்சியகங்களையும் முடித்துவிட்டு, சந்தையைச் செவ்வாய் காலைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாகச் சாப்பாட்டுக் கடை நடைமுறை. விலைப்பட்டியலை வாசலில் ஒட்டியே ஆக வேண்டும் என்பது சட்டம், உள்ளே போவதற்கு முன் நிதானமாகப் படிக்கலாம். ‘ஆந்த்ரே’ என்றால் முதல் தட்டு, ‘ப்ளா’ என்றால் முக்கியத் தட்டு. மதியம் இரண்டும் சேர்த்து ஒரே விலைக்குக் கொடுக்கும் ‘ஃபார்முல்’ எடுத்தால் இரவைவிடக் கணிசமாக மிச்சம். சேவைக் கட்டணம் விலையிலேயே சேர்ந்திருக்கும், டிப்ஸ் கட்டாயம் இல்லை. பாட்டில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் ‘கராஃப் தோ’ என்று சொல்லுங்கள், குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும். பட்டியலில் கூரை போட்ட பாத்திரம் போன்ற குறி இருந்தால் அங்கேயே சமைத்தது என்று பொருள். 2014இல் வந்த விதி. உறைய வைத்த பச்சை மீனையும் காயையும் அதில் அனுமதிக்கிறார்கள், அதனால் அதை முழுதாக நம்பிவிடவும் வேண்டாம். வாசலில் ‘குயிசின் நிஸ்ஸார்ட்’ என்ற ஒட்டுச்சீட்டு இருந்தால் உள்ளூர்ச் சமையல் முறைப்படி நடப்பதற்கான அடையாளம். ஐந்து மொழிகளில் படங்களோடு பட்டியல் வைத்து, வாசலில் ஆள் நிறுத்திக் கூப்பிடுகிற இடத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

இந்த ஊரில் நல்ல சாப்பாட்டுக்கும் ஆடம்பரத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு லா மெரெண்டா ஓர் உதாரணம். நெக்ரெஸ்கோ ஓட்டலின் இரண்டு மிஷெலின் நட்சத்திர உணவகத்தில் தலைமைச் சமையல்காரராக இருந்த டொமினிக் ல ஸ்டான்க், 1990களில் அதை விட்டுவிட்டுப் பழைய நகரத்தின் ஓரத்தில் இந்தச் சின்னக் கடையை எடுத்து நடத்தப் போனார். முக்காலிகள், நெருக்கிப் போட்ட மேசைகள். வெகுகாலம் தொலைபேசியும் கிடையாது, கார்டும் வாங்கமாட்டார்கள், இடம் வேண்டுமென்றால் நேரில் போய்ச் சொல்லிவைக்க வேண்டியிருந்தது. கிடைப்பது டோப், கருவாட்டுச் சமையல், பெத்தி ஃபார்ஸி, பிஸ்டு.

நேரம் தவறினால் இதெல்லாம் கிடைக்காது. மதியம் 12 மணிக்குக் கோட்டைக் குன்றிலிருந்து ஊரே அதிர ஒரு வெடி போடுவார்கள். 1860களில் இங்கே தங்கியிருந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர், ஊர்க்கதை பேசப் போன மனைவி சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகப் பீரங்கி வெடிக்க ஏற்பாடு செய்தாராம், பிறகு நகராட்சியே அதை எடுத்து நடத்தியது என்கிறார்கள். வெடி கேட்டதும் குன்றிலிருந்து இறங்கத் தொடங்கினால் சரியாக இருக்கும். பெரும்பாலான கடைகளில் இரண்டு மணிக்கெல்லாம் சமையலறையை மூடிவிடுவார்கள், மறுபடி அடுப்புப் பற்றுவது ஏழு மணிக்குத்தான். நடுவில் பசித்தால் சொக்காக் கடை.